மழைக்கு முன் ஆறு வாரங்கள்

விடிகாலை நாலரை மணிக்கு எங்கள் வீட்டு ஜன்னலில் முதலில் கேட்பது அடிபம்பின் சத்தம்தான். கடக், கடக் என்று சீரான தாளம், கூடவே வாளியில் தண்ணீர் விழும் ஓசை. 2023 அக்டோபர் மூன்றாம் வாரத்தில் ஒருநாள் அந்தத் தாளம் மாறிப்போயிருந்தது. கைப்பிடி வேகவேகமாக ஏறி இறங்குகிறது, தண்ணீர் ஓசையைக் காணோம். எழுந்து போய்ப் பார்த்தேன். பதினைந்து இருபது பெண்கள் வாளியோடு வரிசையில் நின்றார்கள். முதலில் நின்றவர் ஐம்பது அறுபது தடவை அடித்த பிறகு, வாளியின் அடி நனையும் அளவுக்குத் தண்ணீர் எட்டிப் பார்த்தது.

நாங்கள் ஊழியம் செய்வது மலாவியின் தெற்கே, சிராஸுலு மலை அடிவாரத்துக் கிராமம் ஒன்றில். அப்போது வந்து நான்காவது ஆண்டு. வானம் தெளிந்த நாளில் கிழக்கே முலாஞ்சே மலை நீலச் சுவர்போலத் தெரியும். இங்கே போதகரை 'அபுசா' என்பார்கள், போதகரம்மாவை 'மாயி புசா'. என் கணவர் அபுசா, நான் மாயி புசா. சொந்தப் பேரைச் சொல்லி எங்களை யாரும் கூப்பிட்டதில்லை.

இங்கே அக்டோபரில்தான் வெயில் உச்சத்தில் இருக்கும். நவம்பர் நடுவில் மழை பிடித்துக்கொண்டால் மார்ச், ஏப்ரல் வரை போகும். அதற்குள் சபைக் கட்டடத்தின் கூரையை மூடியாக வேண்டும், மேற்குச் சுவரை எழுப்பியாக வேண்டும். இதில் பம்பும் சேர்ந்துகொண்டது. ஞாயிறு ஆராதனை, செவ்வாய்க்கிழமை எழுத்தறிவு வகுப்பு, வியாழக்கிழமை பெண்கள் கூடுகை, ஞானஸ்நான ஆயத்த வகுப்பு, வீடு சந்திப்பு எல்லாம் அதனதன் நாளில் வந்துகொண்டே இருந்தன.

கூரை போனது அதே ஆண்டு மார்ச்சில். பிப்ரவரி தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவுக்கு வடமேற்கே உருவான ஃபிரெடி புயல், இந்தியப் பெருங்கடல் முழுவதையும் கடந்து, மொசாம்பிக்கை இரண்டு முறை தாக்கிவிட்டு, மார்ச் 12, 13 தேதிகளில் எங்கள் பக்கம் வந்தது. 36 நாள் நீடித்த அந்தப் புயலைத்தான் உலகில் மிக நீண்ட காலம் நிலைத்த வெப்பமண்டலப் புயல் என்று உலக வானிலை அமைப்பு பிறகு பதிவு செய்தது. மலாவியில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக ஆயிரத்துக்கும் மேல். பிளான்டைர் நகரத்து மலைச்சரிவுகளில் மண்ணும் பாறையும் வீடுகளோடு சரிந்து இறங்கின. அந்த வாரம் பார்த்ததை எழுத இன்னும் எனக்கு வரவில்லை. எங்கள் சபைக் கட்டடத்தில் பாதித் தகரம் பறந்தது, மேற்குச் சுவரின் முக்கோண முகப்பு உள்பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. அவ்வளவோடு போனதே என்று நன்றி சொன்னோம்.

சரி, பம்புக்கு வருகிறேன்.

என் கணவரின் அப்பா தச்சர். கருவி என்றால் இவருக்கு உயிர். பம்பு மக்கர் என்று கேட்டதும் ஸ்பேனர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். பம்படியில் தண்ணீர்க் குழுவின் தலைவி நின்றிருந்தார். வயதானவர், யாவோ இனத்துப் பெண்மணி, வெள்ளிக்கிழமை தோறும் மசூதிக்குப் போகிறவர். எல்லோரும் அவரை 'அகோகோ', அதாவது பாட்டி என்பார்கள். அவர் இவர் கையிலிருந்த பெட்டியைப் பார்த்துவிட்டு, மிகவும் மரியாதையாக, ஆனால் வழியை மறித்து நின்று சொன்னார்:

"அபுசா, இந்தப் பம்புக்கான ஸ்பேனர் என் வீட்டில் இருக்கிறது. இன்றைக்கு உங்கள் கை பட்டால் இது உங்கள் பம்பு ஆகிவிடும். நாளைக்குக் கெட்டால் எல்லோரும் உங்கள் கதவைத்தான் தட்டுவார்கள்."

உதிரிப் பாகம் வாங்க ஒவ்வொரு வீட்டிலும் காசு சேர்க்க வேண்டும், அதற்கு மூன்று நாள் ஆகும் என்றார். நாங்கள் அப்போதே கொடுத்திருக்கலாம், கையில் இருந்தது. எனக்குக் கோபமும் பயமும் ஒன்றாக வந்தன. 2022 மார்ச்சில் தொடங்கிய காலரா இந்த நாட்டில் 1,700 பேருக்கு மேல் கொண்டுபோயிருந்தது. மலாவி கண்ட மிக மோசமான காலரா அதுதான். மூன்று நாள் ஓடைத் தண்ணீரைக் குடிக்கட்டும் என்று எப்படி விடுவது? "என்னங்க, நாமே வாங்கிக் கொடுத்துடலாமே" என்றேன். இவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்தம்மா சொல்றது சரி. நீ குளோரினுக்கு ஏற்பாடு பண்ணு, நான் காத்திருக்கிறேன்" என்றார்.

அந்த மூன்று நாளும் நானும் எழுத்தறிவு வகுப்புப் பெண்கள் நான்கு பேரும் ஓடைக்கரையில் நின்று, வருகிற ஒவ்வொரு வாளியிலும் குளோரின் கரைசலை அளந்து ஊற்றினோம். அரை மணி நேரம் கழித்துத்தான் குடிக்க வேண்டும் என்று தொண்டை வறளச் சொன்னோம். யாருக்கும் நோய் வரவில்லை. வந்திருந்தால் என்னை நானே மன்னித்திருப்பேனா என்பது வேறு விஷயம்.

நான்காம் நாள் காலையில் பம்பைக் கழற்றினார்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். நம் ஊர்த் தெருமுனைகளில் நின்ற இந்தியா மார்க் 2 பம்பு நினைவிருக்கும். அடியில் பழுது வந்தால் கனமான இரும்புக் குழாய் மொத்தத்தையும் மேலே இழுக்க வேண்டும், அதற்கென்று ஆட்களும் வண்டியும் வர வேண்டும். இங்கே இருப்பது ஆஃப்ரிடெவ் பம்பு. 1980களில் ஆப்பிரிக்கக் கிராமங்களுக்கென்றே வடிவமைத்தது, கிராமத்து ஆட்களே கழற்றி மாட்ட வேண்டும் என்பதுதான் அதன் கணக்கு. தண்ணீர் ஏறும் குழாய் பிளாஸ்டிக், அது அப்படியே கிணற்றில் நிற்கும். உள்ளே இருக்கும் கம்பிகளையும் பிஸ்டனையும் அடி வால்வையும் மட்டும் அந்தக் குழாய் வழியாகவே வெளியே எடுத்துவிடலாம். பெரும்பாலான வேலைக்கு ஒரே ஒரு ஸ்பேனர் போதும்.

அகோகோ அந்த ஸ்பேனரைச் சித்தேஞ்சே துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். இரண்டு பெண்கள் தலைமூடியைத் திறந்து கைப்பிடியைக் கழற்றினார்கள். பிறகு கம்பியை இழுக்க ஆரம்பித்தார்கள். ஒருத்தி இழுத்துப் பிடிக்க, இன்னொருத்தி இணைப்பைக் கழற்றி, மூன்றாமவளிடம் கொடுக்க, அவள் அதை மண் படாமல் விரித்த துணியில் வரிசையாக வைத்தாள். மூன்று மூன்று மீட்டராகப் பத்துக் கம்பிகள். பத்தாவதின் முனையில் பிஸ்டன் வந்தது. அதைச் சுற்றியிருந்த ரப்பர் வளையத்தை அகோகோ விரலால் நெம்பி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். குழந்தையின் வளையல் அளவுதான். ஒரு பக்கத்து உதடு தேய்ந்து காகிதம்போல ஆகியிருந்தது. அந்த உதடு குழாயின் சுவரை இறுக்கிப் பிடித்தால்தான் தண்ணீர் மேலே ஏறும். அது தேய்ந்ததால் தூக்குகிற தண்ணீரெல்லாம் பக்கவாட்டில் வழுக்கிக் கீழேயே போய்க்கொண்டிருந்தது. முன்னூறு பேர் குடிக்கும் தண்ணீர் இந்த வளையத்தில் நிற்கிறது.

புது வளையத்தை உதடு மேலே பார்க்கும்படி மாட்டினார்கள். அடி வால்வையும் தூண்டில்போல ஒரு கம்பியை விட்டுக் கொக்கி போட்டு எடுத்து, வெடித்திருந்த ரப்பர்க் குமிழை மாற்றினார்கள். இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. முதலில் கலங்கலாக வந்து, பிறகு தெளிந்தது. என் கணவர் முழு நேரமும் ஓரமாக நின்று, கேட்டபோது கம்பியைப் பிடித்துக் கொடுத்தார். அன்று அவர் செய்த ஊழியம் அதுதான், அதைக் குறைவாக நான் நினைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு மாமரத்தடியில்தான் ஆராதனை. கூரை போனதிலிருந்து அங்கேதான். மூன்று மணி நேரம் நடக்கும், மூன்று பாடகர் குழுக்கள் பாடும், காணிக்கை கொடுக்க வரிசையாக ஆடிக்கொண்டே வருவார்கள். பணம் இல்லாதவர்கள் மக்காச்சோளமோ முட்டையோ கொண்டுவருவார்கள். அன்றைக்கு இவர் எடுத்தது நெகேமியா 3ஆம் அதிகாரம். நம்மில் பலர் வேகமாகத் தாண்டிவிடும் அதிகாரம் அது, பெயர்ப் பட்டியல்தானே என்று. எருசலேமின் அலங்கத்தில், அதாவது நகர மதிலில், யார் எந்தப் பங்கைப் பழுதுபார்த்துக் கட்டினார்கள் என்கிற பட்டியல். பலர் தங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த பங்கைக் கட்டினார்கள். சல்லூம் என்பவனோடு அவன் குமாரத்திகளும் கட்டினார்கள். அந்த இடம் வந்தபோது பெண்கள் பக்கத்திலிருந்து குலவைச் சத்தம் எழுந்து, இவரால் கொஞ்ச நேரம் மேற்கொண்டு பேச முடியவில்லை.

நவம்பர் முதல் வாரத்தில் கூரைக்குத் தகரம் வாங்க, பிளான்டைரை ஒட்டிய லிம்பேக்குப் போவதாக மூப்பர்கள் முடிவு செய்திருந்தார்கள். காசு பெண்களுடையது. இந்தப் பக்கத்தில் மக்காச்சோளத்துக்கு ஊடே துவரை போடுவார்கள். 'நந்தோலோ' என்பது அதன் பெயர். பச்சைத் துவரையை அவித்து, நிசிமா என்கிற மக்காச்சோளக் களியோடு சாப்பிடுவார்கள், காய்ந்ததை விற்பார்கள். அதில் பெரும் பங்கு இந்தியாவுக்குத்தான் போகிறது. ஆண்டுக்கு 50,000 டன் வாங்கிக்கொள்வதாக 2021ல் இரு நாடுகளும் ஒப்பந்தம் போட்டன. நம் வீட்டுச் சாம்பார்ப் பருப்பு இந்த மலைச்சரிவில் விளைந்ததாகக்கூட இருக்கலாம். சபைப் பெண்கள் அறுவடை முடிந்து துவரை விற்ற காசில் ஒரு பங்கை எடுத்துவைத்து, 24 தகடுக்குச் சேர்த்திருந்தார்கள்.

லிம்பே போக வேண்டிய வாரத்தில் ஒரு மரணம்.

இறந்தவர் சபையின் மிக மூத்த மூப்பர், பழைய தச்சர். பறந்துபோன அந்தக் கூரையை இளவயதில் ஏற்றியவரே அவர்தான். படுக்கையில் கிடந்தபோதும் வாலிபர்களைப் பாயருகே உட்காரவைத்து, கைமரம் எந்த இடத்தில் எப்படி உட்கார வேண்டும், ரீப்பருக்கு எவ்வளவு இடைவெளி என்று தரையில் குச்சியால் கோடு போட்டுக் காட்டுவார். இங்கே சாவு வீடு என்றால் ஊரே நிற்கும். கொத்தனார் வேலை, வகுப்பு, வயல் எல்லாம் நிற்கும். பெண்கள் மாவும் விறகும் கொண்டுபோய் உள்ளே உடலருகே இரவெல்லாம் பாடிக்கொண்டு இருப்பார்கள், ஆண்கள் வெளியே நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். நான் இரண்டு இரவும் உள்ளே இருந்தேன். 'பெபானி' என்று ஒரு சொல் உண்டு. கல் தடுக்கி விழுந்தவரிடமும் சொல்வார்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவரிடமும் சொல்வார்கள். உன் வலி எனக்கும் வலிக்கிறது என்கிற மாதிரி. அந்த இரண்டு இரவில் எனக்குத் தேவைப்பட்ட சிச்சேவா மொழி அந்த ஒரு சொல்தான்.

சவப்பெட்டிக்குப் பலகை வேண்டியிருந்தது. ரீப்பருக்கென்று வாங்கிக் கறையான் மருந்து பூசி அடுக்கி வைத்திருந்த பைன் பலகைகள் சபை முற்றத்தில் இருந்தன. யாரும் யாரிடமும் கேட்கவில்லை. அவர் பாயருகே உட்கார்ந்திருந்த அதே வாலிபர்கள் அந்தப் பலகைகளை எடுத்து இழைத்தார்கள். மூலைகளை ஆணி மட்டும் அடித்து விட்டுவிடாமல், அவர் சொல்லிக்கொடுத்தபடி பல் வெட்டிக் கோர்த்தார்கள். என் கணவர் ஒரு விளிம்பைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு அழுதார்.

அடக்கம் முடிந்த மறுநாள், நவம்பர் 9ஆம் தேதி, இந்த நாட்டு நாணயமான குவாச்சாவின் மதிப்பைக் குறைத்துவிட்டதாக வானொலியில் சொன்னார்கள். டாலருக்கு 1,180 குவாச்சா என்றிருந்தது ஒரே இரவில் 1,700 ஆனது. அடுத்த வாரம் லிம்பே போனபோது கடைகளில் தகர விலையும் ஏறியிருந்தது. 24 தகடுக்குச் சேர்த்த காசுக்கு 16தான் கிடைக்கும். கூட வந்திருந்த பெண்கள் சங்கப் பொருளாளர் கடை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆறு மாத உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு கண்முன்னே கரைந்ததைப் பார்க்கும் முகத்தை மறக்க முடியாது.

எங்களை அனுப்பிய சபைகள் கொடுத்த பணம் இருந்தது. அது ரூபாயில் வருகிற பணம், அதன் மதிப்பு குறையவில்லை. அந்த எட்டுத் தகடுக்கு நாங்கள் கொடுத்திருக்கலாம். சிமெண்டுக்கு எங்கள் பங்கு என்று முன்னமே பேசி முடிவாகியிருந்தது, அதைக் கொடுத்தோம். தகரத்தை என்ன செய்வது என்று மூப்பர்களும் பெண்களும் அன்றிரவு உட்கார்ந்து பேசினார்கள். எங்களைக் கூப்பிடவில்லை. காலையில் 'ஓடி!' என்று வாசலில் குரல் கேட்டது. வீட்டுக்கு வருகிறவர் கதவைத் தட்டாமல் இப்படித்தான் கூப்பிடுவார். புயலில் பறந்த பழைய தகரங்களைத் தேடி எடுப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

எட்டு மாதம் கழித்து! ஆனாலும் கிடைத்தன. ஒன்று கோழிக்கூண்டுக்கு மேல், ஒன்று வயல் வரப்பில் பாதி புதைந்து, இரண்டு ஓடைக்குள். ஒரு வீட்டுக்காரர் தன் சமையல் கொட்டகையைப் பிரித்து, இது சபையுடையது என்று தலையில் சுமந்துகொண்டு வந்தார். மொத்தம் பதினோரு தகடு. கசங்கின தகரத்தை நேராக்குவது பொறுமையான வேலை. நெளியின் பள்ளத்தில் பொருந்துகிற மாதிரி ஒரு யூகலிப்டஸ் கழியை அடியில் கொடுத்து, மேலே இருந்து மரச்சுத்தியால் ஒவ்வொரு நெளியாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். வேகமாக அடித்தால் கிழியும். பழைய ஆணி ஓட்டைகளைத் தார் வைத்து அடைத்தார்கள். புதிதாக அறையும் ஆணியை நெளியின் மேட்டில்தான் அறைய வேண்டும், பள்ளத்தில் அறைந்தால் தண்ணீர் அந்த வழியாகவே இறங்கும். பதினாறு வயதுப் பையன் ஒருவன் இதை இன்னொருவனுக்கு விளக்கிக்கொண்டிருந்தான், செத்துப்போன மூப்பரின் அதே வார்த்தைகளில்.

சுவர் ஏன் விழுந்தது என்பதும் இடிபாட்டைப் பிரித்தபோதுதான் விளங்கியது. செங்கல் நல்ல சூளைச் செங்கல், ஆனால் இடையில் வைத்த கலவை வெறும் மண். சிமெண்ட் வாங்க முடியாத ஊரில் வேறு வழியும் இல்லை. நாள் கணக்கில் மழை அடித்தபோது மண் கரைந்து, செங்கல் பிடிப்பில்லாமல் நின்று, காற்றுக்குச் சாய்ந்துவிட்டது. கூரையும் சுவரோடு கட்டப்படாமல் சும்மா உட்கார்ந்திருந்தது. இந்த முறை சுவரின் மேலிருந்து ஏழெட்டு வரிசையைக் கழற்றி, இரும்புப் பட்டையை உள்ளே புதைத்து, அதன் முனையை உத்திரத்தைச் சுற்றி இழுத்துக் கட்டினார்கள். கிடைத்த சிமெண்டை வெளிப்பக்க இடுக்குகளில் மட்டும் பூசினார்கள். சுவரைச் சுற்றித் தண்ணீர் ஓட வாய்க்காலும் வெட்டினார்கள்.

செங்கல்லைப் பற்றி இன்னொன்று. பிளான்டைரில் புனித மிக்கேல் ஆலயம் என்று ஒன்று இருக்கிறது. 1888லிருந்து 1891 வரை, கட்டடக்கலை படிக்காத டேவிட் கிளெமென்ட் ஸ்காட் என்ற ஸ்காட்லாந்து மிஷனரியும் உள்ளூர் மக்களும் சேர்ந்து கட்டியது. செங்கல்லும் இங்கேயே அறுத்துச் சுட்டதுதான். வெளியூர் விருந்தினர்களை எல்லோரும் அங்கே கூட்டிப்போவார்கள். ஆனால் எங்கள் மாவட்டத்துக்காரர்கள் சொல்ல விரும்பும் கதை ம்பொம்ப்வேயில் இருக்கிறது. ஜான் சிலெம்ப்வே என்ற மலாவிப் போதகர் 1900ல் அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்து மிஷன் தொடங்கி, தன் சபையாரோடு பெரிய செங்கல் ஆலயம் கட்டினார். 1915 ஜனவரியில் அவர் காலனி ஆட்சிக்கு எதிராக எழும்பியபோது அவரைக் கொன்றார்கள். ஆலயத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். 1926ல் டேனியல் மலெகெபு என்ற மருத்துவர் வந்து அந்த மிஷனைத் திரும்பத் திறந்தார், ஆலயமும் மறுபடி எழும்பியது. சிலெம்ப்வேயின் முகம் இன்று குவாச்சா நோட்டில் இருக்கிறது, ஜனவரி 15 அவர் பெயரில் விடுமுறை நாள். இதை எனக்கு முழுதாகச் சொன்னவர் கலவை குழைத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி. மண்வெட்டியை ஊன்றி நின்று, நேற்று நடந்ததைப்போலச் சொன்னார்.

நவம்பர் கடைசி வியாழன், பெண்கள் கூடுகை முடியும் நேரம், கிழக்கே முலாஞ்சே மறைந்தது. முகட்டுத் தகடு இன்னும் ஏழடி பாக்கி. பாட்டை நிறுத்தாமலே பெண்கள் எழுந்து போய் ஏணியைப் பிடித்தார்கள். மேலே நான்கு வாலிபர்கள், கீழே ஆணி எடுத்துக் கொடுக்க என் கணவர். கடைசி ஆணி இறங்கும்போது முதல் துளிகள் புழுதியில் விழுந்து பொட்டுப் பொட்டாகக் குழி பறித்தன. எல்லோரும் உள்ளே ஓடினோம். தகரத்தில் மழை விழுகிற இரைச்சலில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றோம். பழைய தகடு ஒன்றில் ஒரே ஒரு இடத்தில் ஒழுகியது. யாரோ அதன் கீழே காணிக்கைக் கூடையை நகர்த்திவிட்டு ஒரு வாளியை வைத்தார்கள்.

அன்றிரவு எங்கள் வீட்டில் இரண்டு இடத்தில் ஒழுகியது. படுக்கையை நகர்த்திப் போட்டுக்கொண்டு நன்றாகத் தூங்கினோம். அடுத்த வாரம் வாலிபர்கள் ஏணியோடு வந்து அதையும் அடைத்தார்கள்.

பிப்ரவரியில் ஒரு பயிற்சிக்காக நாங்கள் இரண்டு வாரம் பிளான்டைரில் இருக்க வேண்டிவந்தது. திரும்பி வந்த அன்று மாலை, மாமரத்தடியில் ஒரு சின்னப் பெண் விளையாடிக்கொண்டிருந்தாள். மணிக்கட்டில் கறுப்பாக ஏதோ வளையல். கிட்டே கூப்பிட்டுப் பார்த்தேன். ஒரு பக்கத்து உதடு தேய்ந்த ரப்பர் வளையம். பம்பு எப்போது கெட்டது என்று கேட்டேன். போன வாரம் என்றாள், கையை உருவிக்கொண்டு ஓடிவிட்டாள். மறுநாள் விடிகாலை நாலரை மணிக்கு ஜன்னலில் அதே சத்தம், கடக், கடக் என்று, தண்ணீர் ஓசையோடு.